இலவசம் என்று சொல்லாதவர்

டெல்டாப் பகுதியில் ஒரு சிறு நகரம்; அங்குள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினெட்டு வருஷங்களாக வலையமைப்பு நிர்வாகியாக உத்தியோகம் பார்த்துவரும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. 'நெட்வொர்க் சார்' என்றுதான் கல்லூரியில் அவரை அழைப்பார்கள். இணையம் நின்றுபோகும் நேரத்தில் மட்டுமே அவருடைய ஞாபகம் மற்றவர்களுக்கு வரும் என்பதனால், தொலைபேசி ஒலிக்காமலேயே ஒரு நாள் கழிந்துவிட்டால், அன்றைய கடமையைச் செவ்வனே முடித்துவிட்ட திருப்தியோடு அவர் வீடு திரும்புவார். வாரத்தில் ஆறு நாள் குளிரூட்டிய அறைக்குள் ஸ்விட்சுகளின் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழாம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையில், ஒரு ஸ்குரூ டிரைவரும் நாலைந்து பென் டிரைவும் மதியச் சாப்பாட்டுப் பொட்டலமும் அடங்கிய பையோடு அவர் ஊருக்குள் புறப்பட்டுவிடுவார். கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகையால் ஞாயிறன்று அது திறந்திருக்கும். அங்கேயோ, ஓர் உதவிபெறும் பள்ளியின் கணினி அறையிலோ, யாரோ கைவிட்ட பழைய இயந்திரம் ஒன்றின் மூடியைக் கழற்றித் தூசியைத் தட்டி, அதில் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருக்கும் கோலத்தில் அவரை யாரும் காணலாம்.

இதை ஒரு தனிமனிதருடைய பரோபகாரம் என்று பாராட்டிவிட்டு அப்பால் நகர எனக்கு மனமில்லை. திறந்த மூல மென்பொருள் ஓர் ஊரில் வேரூன்றுவதும் பட்டுப்போவதும், அந்த மென்பொருளின் குணதோஷங்களைக் காட்டிலும், மறுநாள் காலையில் பிரிண்டர் ஓடவில்லை என்றால் வந்து பார்ப்பதற்கு அவ்வூரில் ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்பதையே பொறுத்திருக்கிறது என்பது, பல வருஷங்களாக இவரைக் கவனித்துவந்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம். அந்த மனிதரை நம்முடைய அரசாங்கமும் கல்வி ஸ்தாபனங்களும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், மென்பொருளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் என் குறை.

இப்போது இந்த விஷயத்தைப் பேசவேண்டிய அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் வகையானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்த செயலியும் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆகவே நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள், அவற்றில் யாதொரு பழுதும் இல்லாதிருந்தும், ஒரு தேதி கடந்துவிட்ட காரணத்தால் வயோதிகமடைந்துவிட்டன. நம் ஊர் நூலகங்களிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் இருப்பவை பெரும்பாலும் இந்த ஜாதிதான். இவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதா, ஆபத்தோடு ஓட்டுவதா, வேறு வழி பார்ப்பதா என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். பல இடங்களில் தீர்மானிப்பவர், பக்கத்துத் தெருக் கணினிக் கடைப் பையன்.

நண்பர் ஆதியிலேயே இத்தனை பக்குவத்தோடு இருந்தவர் அல்லர். சுமார் எட்டு வருஷங்களுக்கு முன், ஒரு கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளரின் சம்மதத்தைப் பெற்று, சனிக்கிழமை இரவோடு இரவாக அங்கிருந்த நான்கு கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, ஏதோ மதமாற்றம் செய்துவைத்த பாதிரியாரைப் போன்ற பெருமிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலையில் முதலில் கைவிட்டது பிரிண்டர். நம் அலுவலகங்களில் மிகப் பரவலாக விற்பனையான ஒரு லேசர் பிரிண்டர் அது. விண்டோஸில் சொன்னபடி கேட்கும், லினக்ஸில் அதைப் பேசவைப்பதற்குத் தனி வித்தை வேண்டும். அடுத்தபடியாக, பழைய கடிதங்களைத் திறந்த குமாஸ்தாவின் கண்முன், பத்து வருஷத்துத் தீர்மானங்களெல்லாம் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக விரிந்தன. புதன்கிழமைக்குள் கடைப் பையன் வரவழைக்கப்பட்டான். அவன் தன் கையிலிருந்த கள்ளப் பிரதியை நான்கிலும் ஏற்றிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போனான். இந்தக் கதையை நண்பரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். ஆனால் அந்தச் செயலாளர் அதன் பிறகு அவரைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது சிரிப்பதில்லை.

அதன் பின் அவர் கையாளும் முறை வேறு. ஒருவரிடம் போய் லினக்ஸ் என்ற சொல்லையே எடுப்பதில்லை. "வீட்டில் படம் பார்ப்பது எதில்?" என்று கேட்கிறார். சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி.யில்தான் தமிழ்நாட்டில் கணினி வைத்திருக்கும் வீடுகள் பலவும் சினிமா பார்க்கின்றன. பாரிஸ் மாநகரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தங்கள் விடுதி வலையமைப்புக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து கிளைத்து, 2001-இல் உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் அது என்று அவர் விளக்கும்போது, இத்தனை நாள் தாம் அறியாமலே அந்த உலகத்தில் குடியிருந்திருக்கிறோம் என்ற வியப்பு கேட்பவருக்கு உண்டாகிறது. பிறகு அவர்களுடைய விண்டோஸின் மீதே லிபர் ஆபீஸையும் ஃபயர்பாக்ஸையும் வைக்கிறார். ஆறு மாதம் பழகட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆறு மாதம் கழித்து, இருக்கும் கணினிகளில் மிக மெதுவாக ஓடுவது எதுவோ, யாரும் தொட விரும்பாதது எதுவோ, அந்த ஒன்றில் மட்டும் லினக்ஸ் மின்ட் நிறுவுகிறார். அதிலும் பழைய பிரிண்டர் ஓடுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டுதான். நூலகத்தில் இருந்த ஆறு கணினிகளில் ஐந்தை மாற்றுவதற்கு அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஆறாவதை அவர் இன்றுவரை மாற்றவில்லை. வேலை வாய்ப்புக்கு விண்ணப்பிக்க வரும் பையன்கள், ஏதாவதொரு தளம் மக்கர் செய்தால் ஓடிப்போய் உட்காருவதற்கு அது இருக்கட்டும் என்கிறார்.

இனி அவருடைய விசேஷமான விரதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'இலவசம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எவரும் கேட்டிருக்க முடியாது.

1983 செப்டம்பர் 27-ஆம் தேதி ரிச்சர்ட் ஸ்டால்மன் மென்பொருள் விடுதலையைக் குறிக்கோளாகக் கொண்ட க்னூ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்கும் காரணத்தால், அந்த இயக்கத்தார் தங்கள் கருத்தை விளக்குவதிலேயே பாதி ஆயுளைச் செலவிட்டார்கள். நமக்கு அந்தத் துன்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று பிரித்துச் சொல்லும் பாக்கியம் தமிழுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. கட்டற்ற மென்பொருள் என்ற அழகிய தொடரும் புழக்கத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும், கேட்பவரைச் சுலபமாகக் கவரும் என்று எண்ணி, நம்மவர்கள் பலரும் இலவசம் என்ற சொல்லையே கையில் எடுத்தார்கள். இது பெரும் பிழை என்பது நண்பருடைய வாதம். எனக்கும் அதில் பூரண சம்மதம். நம் நாட்டில் இலவசம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது. பெற்றவர் அதைப்பற்றிக் குறை சொல்லக்கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பழமொழியே வாயை அடைத்துவிடுகிறது. கட்டற்ற மென்பொருளோ, பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமையோடு வரும் மாடு. எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், உள்ளே என்ன இருக்கிறதென்று வாசிக்கலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், திருத்தி, திருத்தியதையும் கொடுக்கலாம். பார்ப்பதற்கு நமக்குத் தெரியாவிட்டாலும், தெரிந்த ஒருவரை அழைத்துவந்து காட்டலாம்.

அன்றியும், விலையைக் காட்டி வாதாடினால் நம் ஊரில் தோற்றுத்தான் போக வேண்டும். இங்கே லினக்ஸுக்குப் போட்டி, பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் அன்று. கள்ளப் பிரதி விண்டோஸ். அதுவும் வாங்குபவருக்கு ஏறக்குறைய சும்மாதான் கிடைக்கிறது. அது கள்ளப் பிரதி என்ற எண்ணம்கூடப் பலருக்கு இல்லை. கணினியோடு கூடப் பிறந்தது என்றே நினைக்கிறார்கள். திருட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் கடைக்காரர் அதில் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவைத்துவிடுவதுண்டு. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னதாக மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், திருத்தம் பெறாத இயந்திரங்கள் நிறைந்த ஓர் ஊர் எவ்வளவு எளிதில் தீப்பற்றக்கூடிய கூரை வீடு என்பது விளங்கும்.

ஆனால் இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, தமிழர்களாகிய நமக்கென்றே உரிய ஒரு காரணத்தை நான் முதன்மையாகச் சொல்லுவேன். கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தாவின் முன் ஆச்சரியக்குறிகளாக விரிந்த அந்தத் தீர்மானங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய இடத்தில் வைத்தது. 'அ' என்று நாம் தட்டியதைக் கணினி ஏதோ ஓர் ஆங்கில எழுத்தாகவே பதிந்துகொண்டு, திரையில் மட்டும் தமிழ் வேஷம் போட்டுக் காட்டியது. வேஷத்துக்கு வேண்டிய எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அந்தக் கடிதம் அதை எழுதியவருக்கே புரியாது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில், ஈழத்தவரிடையே பாமினி, அச்சகத்துக்கு அச்சகம் இன்னும் பற்பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் எழுத்துக் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இருந்தபோதிலும், இடைப்பட்ட காலத்து ஆவணங்கள், ஊராட்சித் தீர்மானங்கள், கோயில் கணக்குகள், எத்தனையோ எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிக்கு ஈடான கோப்புகள், இன்னமும் அந்த வேஷத்துக்குள்ளேயே அகப்பட்டுக் கிடக்கின்றன. செப்பேடுகள் ஆயிரம் வருஷம் நின்று வாசிக்கப்பட்ட தேசத்தில், இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு விண்ணப்பத்தை வாசிக்க முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாமா?

நண்பர் இதற்கு ஒரு சிறு நிரல் எழுதினார். எந்த எழுத்துருவில் எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழ் எழுத்துக்கு வேஷம் போடுகிறது என்ற அட்டவணையை, பொறுமையாக, ஓர் அகராதி தயாரிப்பவரைப் போலத் தயாரித்தார். அவருக்கு முன்னமே இப்படிப்பட்ட அட்டவணைகளைத் தன்னார்வத் தமிழர்கள் ஆக்கிப் பொதுவில் வைத்திருந்தார்கள்; அவர் செய்தது அவற்றில் ஒன்றை எடுத்துத் தம் ஊர் அலுவலகத்தில் கண்ட விநோதங்களுக்கேற்பத் திருத்தியது. திருத்தும் உரிமை இருந்ததனால் திருத்தினார். எதிர்ச்சாரிக்குப் போன செயலாளரின் பத்து வருஷத்துத் தீர்மானங்களை, ஒரு தீபாவளி விடுமுறையில், யூனிகோடாக மாற்றிக் கொடுத்தார். அவர் இப்போது எதிர்ச்சாரிக்குப் போவதில்லை. கணினி மட்டும் அங்கே இன்னும் விண்டோஸ்தான்!

தமிழ் இடைமுகத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. கே.டி.ஈ., க்னோம், ஃபயர்பாக்ஸ் முதலியவற்றைத் தமிழில் பெயர்த்தவர்கள் செய்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும், சில பட்டிகளைத் தமிழில் வாசிக்கும்போது, மறுபடி ஆங்கிலத்தில் பார்த்துத்தான் பொருள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் 'சேவ்', 'காப்பி', 'பேஸ்ட்' என்றே பழகியவர்கள் என்பதால், அங்கே தமிழ் தட்டச்சை வைத்துவிட்டுப் பட்டிகளை ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறார் நண்பர். தமிழபிமானிகள் சிலர் இதற்காக அவரைக் கோபித்துக்கொண்டதும் உண்டு.

சர்க்கார் தரப்பில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2006, 2007-ஆம் வருஷங்களில், தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், சூசி லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் அந்த நிறுவனத்துக்குள் கொண்டுவந்தார். சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. மாணவர்களுக்கென அரசு 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நான் பார்த்த மடிக்கணினிகளில் அந்தப் பாதியைத் திறந்து பார்த்த பிள்ளைகள் சொற்பம். படம் ஏற்ற இடம் போதாமல் அதை அழித்துவிட்டவர்களோ பலர். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. திறந்து பார்த்து, ஏதோ ஒன்று ஓடவில்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பார்கள்? 2018-இல் வந்த நம்முடைய பதினோராம் வகுப்புப் பாடநூலில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாகவே இருக்கின்றன; பாடம் நடத்தும் அறையில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பவர் யார்?

கேரளத்தில் பார்த்தார்கள். 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில வருஷங்களுக்குள் க்னூ லினக்ஸுக்கு மாறியது. இன்று கைட் என்ற பெயரில் நடக்கிறது. 2019-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இந்த மென்பொருள் ஓடப்போவதாகவும், உரிமக் கட்டணத்தில் ₹3,000 கோடி மிச்சமாவதாகவும் அங்கே கணக்குச் சொன்னார்கள். வாங்காத பொருளுக்கு விலை போட்டு மிச்சம் காட்டும் கணக்குகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. நான் மதிப்பது வேறொன்றை: அங்கே பள்ளிதோறும் ஓர் ஆசிரியரைத் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் என்று நியமித்து, அவருக்குப் பயிற்சி கொடுத்து, அவருக்கு மேல் மாஸ்டர் டிரெய்னர்களையும் வைத்தார்கள். பிரிண்டர் ஓடவில்லை என்றால் கூப்பிடுவதற்கு ஓர் ஆள் இருந்தார். ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003-இல் முடிவெடுத்து, சுமார் பதினையாயிரம் கணினிகளைப் பத்து வருஷத்தில் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, நகரத்தலைவர் மாறிய பின் 2017-இல் திரும்பவும் விண்டோஸுக்கே போகத் தீர்மானித்த கதையை எதிரணியினர் சந்தோஷமாகச் சொல்லுவார்கள். மேலிருந்து வந்த தீர்மானம் மேலிருந்தே திரும்பிப் போய்விடும் என்பதற்கு மட்டுமே அதை நான் சாட்சியாகக் கொள்கிறேன். பள்ளிதோறும் வேரோடியிருப்பதைப் பிடுங்குவது அத்தனை எளிதன்று.

இனி எல்லாரையும் மாற்றிவிடலாம் என்ற மயக்கம் நண்பருக்குக் கிடையாது. டேலியில் கணக்கு எழுதும் மண்டிக்காரரையும், கோரல் டிராவில் கல்யாணப் பேனர் போடும் ஃப்ளெக்ஸ் கடைக்காரரையும், டிஜிட்டல் கையொப்பக் கருவியைச் செருகி ஒப்பந்தப்புள்ளி அனுப்பும் காண்ட்ராக்டரையும், இருக்கும் இடத்திலேயே இருங்கள், ஆனால் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் அவர் சொல்லுகிறார். லினக்ஸ்காரரே இப்படிச் சொல்கிறாரே என்று அவர்களுக்கு உண்டாகும் நம்பிக்கை, வேறிடத்தில் அவருக்கு உதவுகிறது.

இந்த நம்பிக்கை எத்தகைய பொருள் என்பதை 2024 மார்ச் மாதத்தில் உலகம் முழுவதும் கண்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று ஐயுற்றுத் துருவிப் பார்த்தபோது, எக்ஸ்.இசட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரலுக்குள் யாரோ ஒரு கள்ளக் கதவை வைத்திருப்பது வெளிப்பட்டது. கோடானுகோடி மக்கள் மறைமுகமாக நம்பியிருந்த அந்த நிரலை வெகுகாலம் பேணிவந்தவர் ஊதியமில்லாத ஒரே தன்னார்வலர். அவர் களைத்துப்போயிருந்த சமயத்தில், உதவி செய்வதாக வந்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் நல்லவராக நடித்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டவரின் வேலை அது. எல்லாரும் பார்க்கலாம் என்பதனால் கதவு கண்டுபிடிக்கப்பட்டது, உண்மை. ஆனால் பார்ப்பதற்கு ஒருவர் உட்கார வேண்டும். உட்காருபவர் சாப்பிட வேண்டும். கண்டுபிடித்த ஃப்ராயிண்டுக்குச் சம்பளம் கொடுத்தது மைக்ரோசாப்ட் என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமன்று. மாவட்ட நூலக அலுவலகத்துக்கு ஒரு வலையமைப்பு நிர்வாகி; கிளை நூலகங்களின் கணினிகளைச் சுற்றிவந்து பார்ப்பது அவருடைய உத்தியோகம், தயவன்று. உரிமத்துக்கென ஒதுக்குவதில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்துக்கு ஒதுக்கலாம். ஊருக்குள் உழைக்கும் கல்லூரி நிர்வாகிகளின் ஞாயிற்றுக்கிழமைகளை நாட்டு நலப்பணித் திட்டத்தோடு சேர்த்து, மாணவர்கள் நாலு பேரை அவர்களோடு அனுப்பி, அதைப் பணிநேரமாகவே கணக்கிடலாம். ஏரி தூர்வாரவும் மரம் நடவும் போகும் பிள்ளைகள், ஒரு பள்ளியின் கணினி அறையைத் தூர்வாரப் போகலாகாதா? நண்பரிடம் இதைச் சொன்னபோது, "சம்பளம் கொடுத்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரும் எழுதச் சொல்வார்களே" என்று அவர் தயங்கினார். எழுதட்டும் என்பேன்.

எழுதுவது அவருக்குப் புதிதும் அன்று. நூலகத்துப் பீரோவில், புத்தக வரவுப் பதிவேட்டின்மேல், நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எந்தக் கேபிள் எங்கே போகிறது, மின்சாரம் போய் வந்தால் எதை முதலில் போட வேண்டும், ரூட்டரை எப்போது அணைத்துப் போட வேண்டும், பென் டிரைவிலிருந்து மீண்டும் நிறுவுவது எப்படி என்பதையெல்லாம், படம் போட்டு, அதில் தம் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். கடவுச்சொல்லை ஓர் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின்மீது நூலகரிடம் கையொப்பம் வாங்கி, அட்டைக்குள் செருகியிருக்கிறார். தாம் இல்லாதபோது உதவும் என்பது ஏற்பாடு. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில், வேறொரு கையெழுத்தில், பச்சை மையில் இரண்டு வரி கண்டது: "பேப்பர் சிக்கினால் பின்பக்க மூடியைத் திறந்து மெதுவாக இழுக்கவும். சாருக்குப் போன் பண்ண வேண்டாம்."